மாடிக்குக் கீழே ஓர் அரக்கர்

ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவன், சிறுவருக்கென எழுதப்பட்ட நாவல் ஒன்றை இரண்டு இரவுகள் கண்விழித்து, அதுவும் வீட்டார் அறியாமல் வாசித்து முடித்தான் என்றால் கேட்போர் நகைப்பர். நகைக்கட்டும். அந்த நகைப்புக்கு ஆளானவன் நானேதான். ஆயினும் அந்த நூலைப் பற்றி நாலு பேருக்குச் சொல்லாமல் இருக்க என்னால் இயலவில்லை.

நூலின் பெயர் 'தி ஓகர் டவுன்ஸ்டெயர்ஸ்'. தமிழில் 'கீழ்த்தளத்து அரக்கர்' எனலாம். எழுதியவர் டயானா வின் ஜோன்ஸ் என்னும் ஆங்கிலப் பெண்மணி. வெளிவந்த ஆண்டு 1974. மாயமும் நகைச்சுவையும் கலந்த கதை; ஆனால் அதன் அடியில் ஓடுவது, இரண்டு குடும்பங்களை ஒரே கூரையின் கீழ் அடைத்து வைத்தால் என்ன நிகழும் என்னும் மெய்யான கேள்வி.

அந்தக் கேள்வி எனக்குப் புதியதன்று. நான் மறுமணம் செய்துகொண்டவன். முதல் மனைவி காலமாகிச் சில ஆண்டுகள் சென்றபின், கணவரை இழந்த ஒரு பெண்மணியைக் கைப்பிடித்தேன். எனக்கு ஒரு மகன். அவருக்கு ஒரு மகளும் ஒரு மகனும். கொழும்பில் ஒரு தொடர்மாடி வீட்டில் ஐவரும் வாழத் தொடங்கினோம். படுக்கை அறைகள் இரண்டு. மூன்றாவதாகத் தெருப்பக்கம் பார்த்த சிறிய அறையொன்று. அதனை என் எழுத்தறை என்று நான் அறிவித்துவிட்டேன். அறிவித்தேன் என்று எழுதும்போதே இப்போது சிரிப்பு வருகிறது. அன்று எவரும் சிரிக்கவில்லை.

ஒருநாள் மாலை பிள்ளைகள் மூவரும் கூடத்தில் பெரும் ஆரவாரம் செய்துகொண்டிருந்தனர். நான் எழுத்தறையின் கதவைத் திறந்து, "இது வீடோ, சந்தையோ?" என்று உரத்துக் கேட்டேன். அமைதி பிறந்தது. கதவை மூடித் திரும்பியபோது, மூத்தவள் தம்பிமாரிடம் மெல்லிய குரலில் ஏதோ சொன்னாள். 'ஓகர்' என்ற ஒரு சொல் மட்டும் என் காதில் விழுந்தது. அடக்கிய சிரிப்பு மூன்று தொண்டைகளிலிருந்தும் எழுந்தது. அந்தச் சிரிப்பில் என் மகனின் குரலும் இருந்தது என்பதே என்னை அதிகம் சுட்டது.

ஓகர் என்பது ஐரோப்பியக் கதைகளில் வரும் பூதம். மனிதரை, சிறப்பாகக் குழந்தைகளை, தின்பது அதன் தொழில். பிரெஞ்சு எழுத்தாளர் சார்ள்ஸ் பெரோ 1697 ஆம் ஆண்டு வெளியிட்ட கதைத் தொகுதி அச்சொல்லை உலகறியச் செய்தது. நான் எவரையும் தின்றவனல்லேன். எனவே, அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று தேடினேன். மறுநாள் பிள்ளைகள் பாடசாலைக்குச் சென்ற பின்னர், மூத்தவளின் மேசையில் பாடநூல்களுக்கு அடியில் அந்த நாவல் இருந்தது. ஓரங்கள் மடங்கிப் பலமுறை வாசிக்கப்பட்ட பிரதி. எடுத்து வந்தேன்.

கதையின் அமைப்பு எளிது. ஸாலி என்னும் தாய்க்கு மூன்று பிள்ளைகள்: கஸ்பர், ஜொனி, இளையவள் குவினி. அவள் ஜாக் மக்கின்டயர் என்பவரை மறுமணம் செய்கிறாள். அவருக்கு டக்ளஸ், மல்கம் என்று இரு புதல்வர்கள். எழுவரும் அவருடைய வீட்டில் வாழத் தொடங்குகின்றனர். வீடோ எழுவருக்குப் போதாதது. பிள்ளைகள் மேலே, அவர் கீழே. சத்தம் என்றால் அவருக்கு ஆகாது. சத்தமின்றி வாழ அப்பிள்ளைகளுக்குத் தெரியாது. ஸாலியின் மூன்று பிள்ளைகளும் அவருக்கு இட்ட பெயர்தான் 'அரக்கர்'.

இரண்டு கூட்டத்துப் பிள்ளைகளும் ஒருவரையொருவர் வெறுக்கின்றனர். இந்த வெறுப்பை ஆசிரியை மறைக்கவோ மெழுகவோ இல்லை. நம்முடைய சிறுவர் நூல்களில் வரும் பிள்ளைகளைப்போல, முதல் அத்தியாயத்தில் சண்டையிட்டு இரண்டாம் அத்தியாயத்தில் அறிவுரை கேட்டுத் திருந்திவிடும் பிள்ளைகள் அல்லர் இவர்கள். ஒரு தரப்பார்க்கு மறுதரப்பார் நடக்கும் விதம் பிடிக்கவில்லை, பேசும் விதம் பிடிக்கவில்லை, இருப்பதே பிடிக்கவில்லை.

அப்போது அரக்கர் ஒரு காரியம் செய்கிறார். இரசாயனப் பரிசோதனைப் பெட்டிகள் இரண்டை வாங்கி வந்து, ஒன்றைத் தம் மகன் மல்கத்துக்கும் மற்றதை ஜொனிக்கும் கொடுக்கிறார். இந்த இடத்தில் நான் நூலை மூடிவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தேன். ஏனெனில் நானும் புது வீட்டுக்கு வந்த முதல் மாதத்தில், ஒரே நிறத்தில், ஒரே விலையில் இரண்டு புத்தகப் பைகள் வாங்கி வந்து இரு சிறுவர்களுக்கும் கொடுத்தவன். சமமாகக் கொடுத்துவிட்டேன், இனிக் குறை சொல்ல இடமில்லை என்று எண்ணினேன். பிள்ளைகளோ பையைப் பார்க்கவில்லை; கொடுத்த முகத்தைப் பார்த்தனர். அந்த முகத்தில் ஒரு கணக்கு முடிந்த திருப்தி இருந்திருக்க வேண்டும்.

நாவலில் வரும் பெட்டிகள் சாதாரணமானவை அல்ல. அவற்றிலுள்ள சில பொடிகளும் திரவங்களும் மாய ஆற்றல் கொண்டவை. ஒன்று உடலில் பட்டதும் சிறுமி குவினி பாரமற்றவளாய் மேலெழுந்து கூரையில் முட்டி நிற்கிறாள். பின்னொரு நாள் உடன்பிறந்தோர் மூவரும் இரவில் ஊரின் மேலாகப் பறந்து செல்கின்றனர். இன்னொன்று, பட்டவரைச் சிறிய உருவாக்கிவிடுகிறது. வேறொன்று, உயிரற்ற பொருளுக்கு உயிர் கொடுக்கிறது. டொபிக் கட்டிகள் உயிர்பெற்று ஊர்ந்து திரிகின்றன. அவற்றுக்கு வெப்பத்தில் பெருவிருப்பம். குளிர்நாட்டு வீடுகளில் சுவரோரம் இருக்கும் சூடேற்றிகளை நாடிச் சென்று, அங்கே சுகமாய்க் கிடந்து, உருகி வழிந்து வீட்டையே பிசுபிசுக்க வைக்கின்றன. இந்த இடத்தில் நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். உறங்கிக்கொண்டிருந்த மனைவி விழித்து, "இஞ்சாருங்கோ, என்ன கனவோ?" என்று கேட்டார். ஆம் என்று பொய் சொன்னேன்.

நகைச்சுவை வெறும் கூத்தாய் நின்றுவிடவில்லை என்பதே இந்நூலின் சிறப்பு. இரசாயனப் போத்தல்களில் ஒட்டப்பட்ட பெயர்கள் பல சுருக்கிய இலத்தீன் சொற்கள். ஒரு பெயருக்குப் பொருள் 'பறவை நாகத்தின் பல்'. கிரேக்கப் பழங்கதையில் கட்மஸ் என்னும் வீரன் அத்தகைய பற்களை நிலத்தில் விதைக்க, ஆயுதந்தாங்கிய போர்வீரர்கள் பயிராய் முளைத்தெழுந்தனர் என்பர். இந்த நாவலிலும் பற்கள் முளைக்கின்றன; ஆனால் முளைப்போர் தலைக்கவசம் அணிந்த மோட்டார் சைக்கிள் முரடர்கள்! அவர்கள் பேசுவதோ தெருவோர ஆங்கிலம். அச்சிடப்பட்டிருப்பதோ கிரேக்க எழுத்தில். பண்டிதருக்கும் சிறுவனுக்கும் ஒரே பக்கத்தில் சிரிப்பு வைத்திருக்கிறார் ஆசிரியை.

அவர் இவ்வளவு கற்றவராய் இருந்ததில் வியப்பில்லை. 1934 ஆம் ஆண்டு இலண்டனிற் பிறந்த டயானா, ஒக்ஸ்போர்டில் சென் ஆன்ஸ் கல்லூரியில் பயின்றவர். அங்கே ரோல்கீன், சி. எஸ். லூயிஸ் ஆகிய பெரும் கற்பனைக் கதாசிரியர்களின் விரிவுரைகளைக் கேட்டவர். அவர் மணந்ததும் மத்தியகால ஆங்கில இலக்கியத்தில் புலமை பெற்ற ஓர் அறிஞரையே. மூன்று புதல்வர்களுக்குத் தாயானவர். சிறுவருக்கான அவரது முதல் நாவல் 1973 இல் வந்தது. இங்கு பேசப்படும் நூல் இரண்டாவது. 1977 இல் வெளிவந்த 'சாம்ட் லைஃப்' என்னும் நாவலுக்குக் கார்டியன் பத்திரிகையின் சிறுவர் இலக்கியப் பரிசு கிடைத்தது. 1986 இல் அவர் எழுதிய 'ஹவ்ல்ஸ் மூவிங் காசில்' என்னும் நாவலை ஜப்பானியக் கலைஞர் ஹயாவோ மியாசாக்கி 2004 இல் சித்திரத் திரைப்படமாக்கியபோது, அவருடைய பெயர் உலகெங்கும் பரவியது. 2011 ஆம் ஆண்டு மார்ச் மாதம் அவர் மறைந்தார்.

ஆனால் அவர் கற்றதைவிட அவர் பட்டதே இந்நூலுக்கு உரமாயிற்று என்பது என் துணிபு. அவருடைய பிள்ளைப் பருவம் இன்பமானதன்று. இரண்டாம் உலகப் போர் மூண்டபோது ஐந்து வயதுச் சிறுமியாய் ஊர்விட்டு ஊர் அனுப்பப்பட்டார். ஏரிகள் நிறைந்த வடபகுதியில் தங்கியிருந்த காலத்தில் நடந்தவற்றை அவரே பின்னாளில் எழுதியுள்ளார். சிறுவர் கதைகளால் புகழ்பெற்ற ஆதர் ரான்சம், இப்பிள்ளைகளின் சத்தம் தாங்காது முறையிட வந்தாராம். முயற் கதைகளால் உலகக் குழந்தைகளின் உள்ளங்கவர்ந்த பியற்றிக்ஸ் பொட்டர், தம் வீட்டுப் படலையில் ஏறி ஊஞ்சலாடிய டயானாவின் தங்கையை அடித்தாராம். சிறுவருக்காக எழுதுவோர் சிறுவரை வெறுப்பவர்கள் என்ற முடிவுக்குச் சிறுமி டயானா வந்திருந்தால் அதில் என்ன குற்றம்?

போர் முடியுமுன்னரே குடும்பம் எசெக்ஸ் பகுதியில் தாக்ஸ்டெட் என்னும் சிற்றூரில் குடியேறியது. பெற்றோர் அங்கே ஒரு கல்வி மாநாட்டு நிலையத்தை நடத்தினர். வருவோர் போவோருக்கெல்லாம் அவர்களிடம் நேரம் இருந்தது. பெற்ற மூன்று பெண்களுக்கு மட்டும் இல்லை. அப்பிள்ளைகள் வீட்டைவிட்டு ஒதுங்கிய, கணப்பற்ற ஒரு கொட்டிலில் உறங்கினர். தந்தையார் செலவுக்கு அஞ்சியவர். ரான்சமின் கதைநூல் வரிசை முழுவதையும் ஒருசேர வாங்கிப் பூட்டிவைத்து, ஆண்டுக்கு ஒன்றாக, மூவருக்கும் சேர்த்து நத்தார் பரிசாகக் கொடுத்தாராம். வாசிக்க நூலில்லாத தங்கையருக்காக டயானா தாமே கதை எழுதி வாசித்துக் காட்டத் தொடங்கினார். ஓர் எழுத்தாளர் பிறந்த கதை இது. கீழே பெரியவர்கள், எட்ட முடியாத இடத்தில். ஒதுக்கிடத்தில் பிள்ளைகள், தமக்குள்ளே ஓர் உலகமாய் — நாவலின் வரைபடம் இங்கேயே கீறப்பட்டுவிட்டது.

மறுமணக் குடும்பத்தைக் கதைப் பொருளாக்கியது புதுமை என்று சொல்வதற்கில்லை. துருவன் கதை நாமெல்லாம் அறிந்தது. தந்தை உத்தானபாதனின் மடியில் ஏறச் சென்ற பாலகனைச் சுருசி என்னும் மாற்றாந்தாய் தடுத்தாள். அவன் காட்டுக்குத் தவம் செய்யப் போனான். நம் மொழியிலுள்ள 'மாற்றாந்தாய்' என்ற சொல்லையே பாருங்கள். 'மாற்றான்' என்றால் பகைவன். அந்த ஒலியின் நிழல் விழாமல் அச்சொல்லைச் சொல்ல முடிகிறதா? ஆங்கிலத்தில் இவ்வுறவைக் குறிக்க முன்னே சேர்க்கும் 'ஸ்டெப்' என்னும் ஒட்டுக்கு மூலம், இழப்பைக் குறித்த ஒரு பழஞ்சொல். பழைய ஆங்கிலத்தில் அவ்வொட்டுச் சேர்ந்த பிள்ளை என்றால் அநாதைப் பிள்ளை என்றே பொருள். நாம் பகையைச் சொல்கிறோம்; அவர்கள் துயரைச் சொன்னார்கள். இரண்டும் ஒரே வீட்டில்தான் குடியிருக்கின்றன.

ஜெர்மானியச் சகோதரர்களான கிரிம் இருவரும் தொகுத்த கதைகளின் வரலாறு இன்னும் விந்தையானது. பனிவெண்மகள் கதையின் 1812 ஆம் ஆண்டுப் பதிப்பில், அழகிய சிறுமியைக் கொல்ல ஆள் அனுப்புபவள் அவளைப் பெற்ற தாயே. 1819 இல் வந்த அடுத்த பதிப்பில் அவள் மாற்றாந்தாயாக மாற்றப்பட்டாள். ஹான்சலும் கிரேத்தலும் கதையிலும் பிள்ளைகளைக் காட்டில் விடத் தூண்டியவள் முதலில் பெற்ற தாய்தான். 1840 ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து அவளும் மாற்றாந்தாயானாள். தாய்மையின் புனிதத்தைக் காக்க, பழியைச் சுமக்க ஒருத்தி தேவைப்பட்டாள். இரண்டு நூற்றாண்டுகளாக உலகக் குழந்தைகள் அந்தப் பழியை உண்மையென்று நம்பிப் படுக்கைக்குப் போகின்றனர். அவர்களுள் எத்தனை பேர் மறுநாட் காலையில் ஒரு மாற்றாந்தாய் கொடுக்கும் தேநீரை அருந்த வேண்டியிருந்ததோ!

நல்ல மாற்றுத் தந்தை ஒருவரை மாயக் கதைக்குள் கொண்டுவந்தவர்களுள் அமெரிக்கரான எட்வர்ட் ஈகரை மறத்தலாகாது. 1954 இல் வெளிவந்த அவரது 'ஹாஃப் மேஜிக்' நாவலில், தந்தையை இழந்த நான்கு பிள்ளைகளுக்கு ஒரு நாணயம் கிடைக்கிறது. கேட்ட வரத்தில் சரிபாதியை மட்டும் கொடுக்கும் விசித்திர நாணயம் அது. தாயை மணக்க வரும் புத்தகக் கடைக்காரர் அன்பானவர். மாயத்தைக் கண்டு பிள்ளைகளைப்போலவே மகிழ்பவர். மூத்த பெண் ஜேனுக்கு மட்டும் அவரை ஏற்க மனமில்லை. ஈகருக்கு வழிகாட்டி, 1902 இல் 'ஐந்து பிள்ளைகளும் அதுவும்' என்னும் கதையை எழுதிய நெஸ்பிற் அம்மையார். அன்றாட வீட்டுக்குள் மாயத்தை நுழையவிட்டு, அதனால் வரும் தொல்லையில் நகைச்சுவை காணும் வழி அவர் வகுத்தது. டயானாவும் அவ்வழி வந்தவரே. ஆனால் ஈகரின் மனிதர் தொடக்கத்திலேயே நல்லவர். டயானாவின் அரக்கரோ முன்கோபி, கடுஞ்சொல்லர், பிள்ளைகளோடு பழகத் தெரியாதவர். பிள்ளைகளின் வெறுப்புக்குக் காரணம் இருக்கிறது. இதுதான் நேர்மை.

நூல் வெளிவந்த காலத்தையும் நினைவிற்கொள்ள வேண்டும். இங்கிலாந்தில் 1969 இல் இயற்றப்பட்ட விவாகரத்துச் சீர்திருத்தச் சட்டம் 1971 ஆம் ஆண்டின் முதல் நாளன்று நடைமுறைக்கு வந்தது. மண முறிவும் மறுமணமும் அந்நாட்டில் பெருகிய காலம் அது. வகுப்பறைகளில் அமர்ந்திருந்த பிள்ளைகள் பலர் புதிய வீடுகளில் புதிய மனிதரை எப்படி அழைப்பது என்று தடுமாறிக்கொண்டிருந்தனர். அவர்களுக்கு உபதேசம் செய்யாமல், டொபிக் கட்டிகளை ஊரவிட்டுச் சிரிக்க வைத்தார் டயானா.

கதையின் உச்சப் பகுதி சிரிப்புக்குரியதன்று. இரு தரப்புச் சண்டையையும் தாங்க முடியாமல் களைத்துப்போன ஸாலி ஒருநாள் வீட்டைவிட்டுப் போய்விடுகிறாள். அவளை அரக்கர் என்ன செய்தாரோ என்று பிள்ளைகள் ஐயுறுகின்றனர். ஜொனி, மறைந்துலவும் ஆற்றலைப் பெற்று அவருக்குத் தீங்கு செய்யவே துணிகிறான். சின்னஞ்சிறு குவினி, தனக்குத் தெரிந்த நச்சுப் பொருள்களையெல்லாம் சேர்த்து அவருக்கென்று கேக் செய்கிறாள். சிறுவர் நூலில் கொலை எண்ணமா என்று சிலர் முகஞ்சுளிக்கலாம். பிள்ளைகளின் மனத்தில் அவ்வெண்ணம் எழுவதேயில்லை என்று நினைப்போர், தாம் பிள்ளையாய் இருந்த காலத்தை மறந்தவர்கள். ஆனால் அந்தக் கேக் கொன்றது அரக்கரை அன்று, குவினியின் வெறுப்பை. தனக்காக ஒரு பிள்ளை கேக் செய்தாள் என்றெண்ணும் மனிதரைக் கிட்டே நின்று பார்த்தபின், அவளால் பழையபடி அவரை வெறுக்க இயலவில்லை.

இன்னொரு நிகழ்ச்சி. பொடியொன்றின் வலிமையால் கஸ்பரும் மல்கமும் உருமாறி, ஒருவன் உடலில் மற்றவன் புகுந்துவிடுகின்றனர். இவன் அவனாகவும் அவன் இவனாகவும் பாடசாலைக்குச் செல்ல நேர்கிறது. பகைவனின் சப்பாத்தில் நடந்து பார்த்தபோதுதான் அது எங்கே கடிக்கிறது என்று தெரிகிறது. மாயப் பெட்டியின் பயன் இதுவே. மேலும், பெரியவருக்குத் தெரியாமல் ஒரு பெரிய இரகசியத்தைக் காக்க வேண்டிய தேவை, இரு தரப்பாரையும் ஒரே அணியில் நிறுத்திவிடுகிறது. குற்றத்தில் கூட்டாளிகளானோர் மெல்ல உடன்பிறப்புகளாகின்றனர். "இனிமேல் நீங்கள் சகோதரர்" என்று எந்தப் பெரியவர் சொல்லியும் நடவாத காரியம், பிசுபிசுத்த ஒரு டொபியைச் சேர்ந்து ஒளித்து வைத்ததில் நடந்துவிட்டது.

என் வீட்டுக் கூடத்தில் எழுந்த அந்த அடக்கிய சிரிப்பை அப்போது மீண்டும் எண்ணிப் பார்த்தேன். என் மகனின் குரல் அதில் சேர்ந்திருந்ததைத் துரோகம் என்று நினைத்திருந்தேனே! மூன்று குரல்கள் ஒன்றாய்ச் சிரித்த முதல் நாள் அதுவல்லவா? அவர்களை ஒன்றுசேர்த்த இரசாயனம் நான்தான். விலை என் பெயர். அதிகமில்லை என்று தோன்றியது.

நாவலின் முடிவு வேடிக்கையானது. பொருள்களைப் பொன்னாக்கும் இரசக்கல்லின் ஆற்றல் ஒரு போத்தலில் இருக்கிறது. பொன்னான பொருள்கள் விலைபோகின்றன. அந்தப் பணத்தில் குடும்பம் என்ன வாங்குகிறது? மாளிகையோ மணிமுடியோ அன்று. எல்லாருக்கும் போதிய இடமுள்ள ஒரு பெரிய வீடு. இவ்வளவு மாயமும் வந்து நின்ற இடம் இதுதான். அன்பு மலர்வதற்கு நல்ல மனம் மட்டும் போதாது. கதவை மூடிக்கொள்ள ஓர் அறையும் வேண்டும் என்பதைத் துணிந்து சொன்ன கதாசிரியர் வேறெவரையும் நானறியேன்.

குறைகள் இல்லாமல் இல்லை. தாய் ஸாலி, அவள் தாங்கிய சுமைக்கு ஏற்ற அளவு பக்கங்களைப் பெறவில்லை. இரு தரப்புக்கும் நடுவில் இடிபடுபவள் அவளே. ஆயினும் அவள் மனத்துக்குள் நாம் நுழைவதில்லை. பொன் கிடைத்ததும் சிக்கல் தீர்ந்ததாய்க் காட்டும் இறுதிப் பகுதி சற்று அவசரமானது. வாசிப்போர் எல்லாருக்கும் இரசக்கல் கிடைக்கப்போவதில்லை. எனினும் இவை பெருங்குறைகளல்ல.

மாங்கன்றில் ஒட்டுக் கட்டுவோர் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். இரு பக்கத்துத் தண்டுகளையும் சீவிக் காயப்படுத்தி, காயத்தோடு காயம் பொருந்தக் கட்டுவார்கள். ஒரு பக்கம் மட்டும் சீவினால் ஒட்டுப் பிடிக்காது. என் வீட்டில் பிள்ளைகள் மூவரும் சீவப்பட்டவர்கள். தந்தையை, தாயை, பழைய வீட்டை, பழைய படுக்கையை இழந்து வந்தவர்கள். நான் மட்டும் என் எழுத்தறையோடு, என் ஒழுங்கோடு, என் அமைதியோடு முழுத்தண்டாய் வந்து நின்றேன். பிறகு ஏன் ஒட்டவில்லை என்று வியந்தேன்.

மூன்றாம் நாள் நூலை இருந்த இடத்தில் வைத்தேன். ஆனால் மறைவாய் வைத்ததாய் நான்தான் எண்ணிக்கொண்டேன். இரவுச் சாப்பாட்டின் பின் மூத்தவள் குசினி வாசலில் வந்து நின்றாள்.

"அங்கிள், என்ர புத்தகத்தை வாசிச்சனீங்களோ?"

"ஓம் பிள்ளை. கேட்காமல் எடுத்தது பிழைதான்."

அவள் முகம் சிவந்தது. எதனைக் கேட்பேனோ என்று அஞ்சினாள் போலும். நான் எதனையும் கேட்கவில்லை. சிறிது நேரம் கழித்து அவளே கேட்டாள்:

"எந்த இடத்தில சிரிச்சனீங்கள்?"

"டொபி சூட்டுக்குப் போய்ப் படுக்கிற இடத்தில."

"நானும் அதிலதான்" என்றாள். பின்பு, சொல்லலாமோ கூடாதோ என்று தயங்கி, "குவினி கேக் செய்யிற இடத்தில எனக்கு அழுகை வந்தது" என்றாள்.

எனக்கும் வந்தது என்று சொல்ல நினைத்தேன். குரல் ஒத்துழைக்கவில்லை. தலையை மட்டும் அசைத்தேன். அவள் போய்விட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எழுத்தறையைக் காலி செய்தேன். அலுமாரியை நகர்த்த என் மகனும் அவள் தம்பியும் கைகொடுத்தனர். இப்போது அது மூத்தவளின் அறை. கதவில் உள்ளே வருமுன் தட்டவும் என்று ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டிருக்கிறது. நானும் தட்டியே போகிறேன். இரசக்கல் இல்லாத வீட்டில் செய்யக்கூடியது இவ்வளவுதான்.

அவள் இன்றும் என்னை 'அங்கிள்' என்றே அழைக்கிறாள். அதனை மாற்றும் பொடி எந்தப் பெட்டியிலும் இல்லை. தேடவும் நான் விரும்பவில்லை. இக்கட்டுரையைச் சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையில் இருந்து எழுதுகிறேன். மறு மூலையில் இரு சிறுவர்களும் ஏதோ ஒன்றுக்காக உரத்துச் சண்டையிட்டுக்கொண்டிருக்கின்றனர். இது வீடோ, சந்தையோ என்று கேட்க நா எழுகிறது. கேட்கவில்லை. வீடுதான்.